சூறைக்காற்றில் கூரை போனால்: வீட்டு இன்சூரன்ஸ் பணத்தை வாங்கும் வழி

கூரை பறந்த வீட்டில் நின்றுகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு இப்போது முதல் பகுதி மட்டும் போதும். பாலிசி, எஸ்டிமேட், கணக்கு எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளில் செய்யத் தவறியதைப் பிறகு எந்தக் காகிதத்தாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் அதையே முதலில் சொல்கிறோம்.

முதல் நாள்

மெயின் சுவிட்சை அணையுங்கள். தகர ஷீட் மேலோ நனைந்த சுவர் மேலோ சர்வீஸ் வயர் அறுந்து கிடந்தால் யாரையும் கிட்டே விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். ஆளை மேலே ஏற்றிப் பார்க்க வேண்டாம். ஓட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் விட்டுப்போயிருந்தால் மேலிருந்து பார்க்கையில் தெரியாது, கால் வைத்தபிறகுதான் தெரியும்.

அடுத்தது ஃபோட்டோ. காற்று அடங்கியதும் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைப் பெருக்கத் தொடங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் க்ளெய்ம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்தில்தான். ஷீட் எங்கே போய் விழுந்தது, ஓடு எந்தப் பக்கம் சிதறியது, மரம் எந்தத் திசையில் சாய்ந்தது என்பதெல்லாம் காற்று வீசியதற்கான சாட்சி. பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும் ஷீட்டை அங்கேயே வைத்துப் படம் எடுங்கள். பின்னணியில் உங்கள் வீடும் தெரிய வேண்டும்.

முதலில் வீட்டை நான்கு பக்கமும் தூரத்திலிருந்து எடுங்கள். பிறகு சேதமான சரிவு முழுவதையும், அதன்பின் ஒவ்வொரு ஓட்டையையும் எடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து மேலே பார்த்து, வானம் தெரியும் இடத்தை எடுங்கள். நனைந்த கட்டில், பீரோ, சுவரில் நீர் இறங்கிய தடம் எதையும் விடாதீர்கள். உடைந்த ஓட்டின் விளிம்பு, கிழிந்த ஷீட்டில் ஸ்குரூ இருந்த துளை, வளைந்த கொக்கி போல்ட் ஆகியவற்றைக் கிட்டே போய், பக்கத்தில் டேப்பை வைத்து எடுங்கள். கடைசியாக, வீட்டைச் சுற்றி நடந்தபடி ஒரு வீடியோ. தேதி, நேரம், என்ன சேதம் என்பதை அதில் நீங்களே வாயால் சொல்லுங்கள். எடுத்த படங்களை ஃபோனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றிய பதிவு கழன்றுவிடும். அசல் ஃபைலைக் கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

நனைந்த டிவியையோ ஃபிரிட்ஜையோ ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. மழையில் நனைந்தது புயல் சேதம். ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் மின்சாதனம் கெடுவதைப் பாலிசி ஏற்காது. ஸ்விட்சைப் போட்டு வெடித்துவிட்டால் எது முதலில் நடந்தது என்று பிரித்துச் சொல்ல ஆளிருக்காது.

படம் எடுத்து முடித்ததும் தார்ப்பாய். இதற்கு, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. திறந்த கூரையை அப்படியே விட்டு அடுத்த மழையில் நனைந்த பொருளுக்குப் பணம் கேட்டால் கம்பெனி மறுக்க இடமுண்டு. தார்ப்பாயை ஓட்டையின் மேல் மட்டும் விரித்தால் மேலிருந்து வரும் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். இரு சரிவும் சேரும் உச்சியான மோட்டைத் தாண்டி மறுசரிவில் இரண்டு மூன்று அடி இறங்கும்படி போடுங்கள். கீழ் விளிம்பை ஒரு ரீப்பரில் சுருட்டிக் கட்டுங்கள். மேலே கல்லை வைக்காதீர்கள். இரண்டு மணல் மூட்டைகளைக் கயிற்றின் இரு நுனியில் கட்டி, மோட்டின் இருபக்கமும் தொங்கவிட்டால் நிற்கும். தார்ப்பாய், கயிறு, ஏறிய ஆளின் கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பாலிசியில் இருக்கும் கட்டணமில்லா எண்ணில் பேசி க்ளெய்ம் எண் வாங்குங்கள். பேசியதோடு நிறுத்தாமல் அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஏஜெண்டிடம் சொன்னதாலேயே கம்பெனிக்குச் சொன்னதாக ஆகிவிடாது. இப்படி எழுதினால் போதும்:

"பாலிசி எண் ____. ____ தேதி மாலை ஏறக்குறைய 4.30 மணிக்கு வீசிய சூறைக்காற்றிலும் மழையிலும் ____ முகவரியில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டின் மேற்குச் சரிவில் ஓடுகளும் ரீப்பர்களும் பெயர்ந்து விழுந்தன. திறந்த கூரை வழியாக மழை இறங்கி உள்ளே இருந்த பொருள்கள் நனைந்தன. மேலும் நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போடுகிறோம். உடைந்தவற்றை அப்படியே வைத்திருக்கிறோம். சர்வேயரை அனுப்பி, க்ளெய்ம் எண்ணைத் தெரிவிக்கவும்."

"வீடு ஒழுகுகிறது" என்று மட்டும் சொல்லி க்ளெய்மைப் பதிவு செய்யாதீர்கள். ஒழுகல் என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் பராமரிப்புக் குறை என்று முடிவு கட்டிவிடுவார்கள். என்ன வீசியது, அதனால் எது பெயர்ந்தது, அதன் வழியாக என்ன நனைந்தது என்ற வரிசையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கையில் இருப்பது என்ன பாலிசி

2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்கான தீ மற்றும் இயற்கைச் சேத இன்சூரன்ஸை எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வாசகத்தில் விற்கின்றன. புயல், சூறைக்காற்று, வெள்ளம், இடி, நிலச்சரிவு, வெளியிலிருந்து மரமோ வாகனமோ வந்து மோதுவது எல்லாம் அதில் அடக்கம். காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீச வேண்டும் என்ற அளவு அதில் கிடையாது. பெயர் வைத்த புயலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் வாழையைச் சாய்க்கும் காற்றும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, வள்ளியூர், ராதாபுரத்தில் இறங்கும் மேலக்காற்றும் கூரையைப் பெயர்த்தால் க்ளெய்ம்தான்.

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பலருக்குத் தங்கள் வீட்டுக்குப் பாலிசி இருப்பதே தெரியாது. கடன் கொடுக்கும்போது வங்கியே எடுத்துப் பிரீமியத்தைக் கடனில் சேர்த்திருக்கும். கிளையில் போய் பாலிசி நகலைக் கேளுங்கள். அங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அது வீட்டுக்கான பாலிசியா, கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசியா? உயிர்ப் பாலிசி கூரைக்கு உதவாது. அடுத்து, 2021 ஏப்ரலுக்கு முன் எடுத்த நீண்டகால ஃபயர் பாலிசியாக இருந்தால் புயல், வெள்ளப் பகுதியைக் கழித்துவிட்டு எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரீமியம் குறைய அப்படி எடுப்பது அப்போது உண்டு. வங்கியின் பெயரும் பாலிசியில் இருந்தால் பணம் வங்கி வழியாகத்தான் வரும். தகவல் சொல்லும் மின்னஞ்சலில் கிளையையும் சேர்த்துவிட்டால் பிறகு இழுபறி இருக்காது.

வீடு என்பதில் கட்டிடம் மட்டும் இல்லை. போர்ட்டிகோ, வராண்டா, கார் நிறுத்தும் இடம், காம்பவுண்டுச் சுவர், கேட், நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் எல்லாம் சேர்ந்தது. கூரைப் பதற்றத்தில், சாய்ந்த காம்பவுண்டையும் பறந்த பேனலையும் க்ளெய்மில் எழுத மறந்துவிடுகிறார்கள். வீட்டுப் பொருள்களுக்குத் தனியாக எதுவும் எழுதாவிட்டாலும், கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே காப்பு உண்டு. கட்டில், மெத்தை, துணிமணி, ஃபிரிட்ஜ் எல்லாம் இதில் வரும். ரொக்கப் பணம் வராது. நகைக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

ஓலை, தென்னங்கீற்று, மூங்கில், தார்ப்பாய்க் கூரைகளைப் பாலிசி கச்சாக் கட்டிடம் என்று தனியாக வகைப்படுத்துகிறது. ஓட்டு வீட்டோடு ஒட்டிய கீற்றுச் சார்ப்பு இருந்தால் பாலிசி எடுக்கும்போதே அதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடியில் போட்ட ஷெட்டுக்கும் இதே பேச்சுத்தான். காற்றில் அதிகம் பறப்பது மாடி ஷெட். பாலிசியில் சொல்லாமல் விடுவதும் பெரும்பாலும் அதைத்தான். பாலிசி எடுத்த பிறகு ஷெட் போட்டிருந்தால், அதன் பரப்பையும் செலவையும் குறிப்பிட்டுக் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் அதைச் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மெண்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வேயர் தேடுவது: காற்றா, பழமையா

கூரை க்ளெய்மில் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான். புயல் பெயர்த்ததற்குப் பணம் உண்டு. தேய்ந்து, துருப்பிடித்து, செல்லரித்து விழுந்ததற்குக் கிடையாது. சர்வேயர் வீட்டைச் சுற்றுவது இந்த இரண்டையும் பிரிப்பதற்காகத்தான். அவர் எதைப் பார்ப்பார் என்பது தெரிந்திருந்தால் அதை நீங்களே காட்டலாம்.

ஓட்டுக் கூரையில் காற்று முதலில் பிடிப்பது கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தையும் மோட்டையும் பக்கச் சுவரை ஒட்டிய விளிம்பையும். அந்த இடங்களிலிருந்து வரிசையாக ஓடு பெயர்ந்திருந்தால் காற்றின் வேலை. நடுச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரிந்திருந்தால் ரீப்பர் இற்றுப்போனதா என்ற சந்தேகம் வரும். உடைந்த ஓட்டின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக உடைந்தது செக்கச்செவேலென்று இருக்கும். பழைய உடைப்பு கறுத்துப் பாசி பிடித்திருக்கும். அதனால்தான் உடைந்த ஓடுகளை மழைபடாத திண்ணையிலோ தாழ்வாரத்திலோ அடுக்கி வைக்கச் சொல்வது. வாரக்கணக்கில் முற்றத்தில் மழையில் கிடந்தால் புதிய உடைப்பும் பழையதைப்போலவே ஆகிவிடும். ரீப்பரின் முறிவும் அப்படித்தான். நார் நாராகப் பிளந்திருந்தால் விசையில் முறிந்தது. பொடியாக உதிர்ந்தால் செல். ரீப்பரைத் தாங்கும் பனங்கைகளில் ஒன்றிரண்டு செல்லரித்தவை இருந்தால் மறைக்க வேண்டாம். அவற்றை நீங்களே தனியாகக் காட்டி, எஸ்டிமேட்டிலும் தனி வரியாகப் போட்டுவிட்டால், மீதிச் சரிவை அவர் சந்தேகமில்லாமல் எழுதுவார். மறைத்து வைத்து அவராகக் கண்டுபிடித்தால் முழுக் கூரையும் 'பராமரிப்பில்லாதது' என்ற ஒரே வரிக்குள் போய்விடும்.

தகர ஷீட், கலர் ஷீட் கூரையில் துளையைப் பார்த்தால் தெரிந்துவிடும். காற்று மேலே தூக்கி இழுத்திருந்தால் ஸ்குரூ இருந்த துளை நீள்வட்டமாகக் கிழிந்து, விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்கும். கொக்கி போல்ட் நிமிர்ந்திருக்கும். துளையைச் சுற்றித் துரு தின்று, ரப்பர் வாஷர் பொடியாகி, தகடு தானாகக் கழன்றிருந்தால் பழமை. இங்கே வேறொரு சிக்கலும் உண்டு. பைப் சட்டத்தைத் தூணோடு ஒழுங்காகப் பிணைக்காமல், கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பொட்டு வெல்டிங்கில் நிறுத்தியிருப்பார்கள். சட்டமும் ஷீட்டும் ஒட்டுமொத்தமாகப் பறந்துபோய்த் தெருவில் விழும். கட்டுமானக் குறை என்று சர்வேயர் எழுதப் பார்ப்பார். வெல்டர் கொடுத்த பழைய பில், பேஸ் பிளேட்டும் ஆங்கர் போல்ட்டும் இருந்த தடத்தின் படம் ஆகியவை அப்போது கைகொடுக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் காற்றில் வளையாது, உடையும். மரக்கிளையோ தேங்காயோ விழுந்து உடைந்ததா, காற்றே தூக்கிப் போட்டதா என்பது காப்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் அடக்கம்தான். ஆனால் நடந்ததை மாற்றிச் சொல்லக்கூடாது. விழுந்த கிளையை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு முன்பே படம் எடுத்திருக்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகத்தைத் துணியாலோ மாஸ்க்காலோ மூடிக்கொண்டு சாக்கில் அள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கான்கிரீட் கூரையைக் காற்று எடுத்துப்போவதில்லை. அங்கே வரும் க்ளெய்ம் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி, தென்னை விழுந்து நொறுங்கிய மாடித் தள ஓடு. கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் பொரிந்த இடத்தில் மழைநீர் கசிந்ததற்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. அதற்காக அலைவது வீண்.

அந்த நாளில் காற்றே வீசவில்லை என்று கம்பெனி சொல்வதும் உண்டு. உள்ளூர்ச் சூறைக்காற்று இரண்டு தெருவில் மட்டும் அடித்துவிட்டுப் போகும், பாளையங்கோட்டை வானிலை நிலையத்தில் பதிவே இருக்காது. அப்போது நான்கு சாட்சிகள் பேசும்: மாவட்ட நிர்வாகம் தினமும் வெளியிடும் மழை அளவுப் பட்டியலில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், களக்காடு என்று உங்களுக்குப் பக்கத்து நிலையத்தின் அளவு, அடுத்த நாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கம், மின்கம்பம் சாய்ந்ததாகவோ மின்தடை என்றோ வந்த செய்தி, அதே தெருவில் சேதமான மற்ற வீடுகளின் படம். கிராம நிர்வாக அலுவலர் சேதத்தைப் பார்த்து எழுதும் அறிக்கையின் நகலும் வலுவானது. அரசு நிவாரணத்துக்காக அவர் எப்படியும் கணக்கெடுக்க வருவார், அப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். நிவாரண மனு தனி, இன்சூரன்ஸ் தனி. ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்கக்கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது வேறு வகை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, தாமிரபரணி கரைபுரண்டு, பல வீடுகளில் தண்ணீர் கீழிருந்து ஏறியது. அப்படிப்பட்ட நேரத்தில் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைக்காமல், டேப் வைத்துத் தரையிலிருந்து எத்தனை அடி என்று படம் எடுத்து வைக்க வேண்டும். வெள்ளத்துக்கு அந்தக் கோடுதான் சாட்சி. கூரை வழி வந்த நீரும் கீழ்வழி வந்த வெள்ளமும் ஒரே பாலிசியில் அடங்கினாலும், எந்தப் பொருள் எதனால் கெட்டது என்று தனித்தனிப் பட்டியலாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

சர்வேயருக்கான கட்டணத்தைக் கம்பெனிதான் கொடுக்கும். நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வரும்போது கொத்தனாரோ ஆசாரியோ பக்கத்தில் இருப்பது நல்லது. ஏணி தயாராக இருக்கட்டும். அவர் எடுக்கும் அளவுகளை நீங்களும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அறிக்கையில் பரப்பு குறைந்திருந்தால் அந்த நோட்டு பேசும்.

எஸ்டிமேட்

"கூரை வேலை மொத்தம் ஒரு லட்சம்" என்று ஒரே வரியில் எழுதிய சீட்டைச் சர்வேயரால் பயன்படுத்த முடியாது. தன் மனதுக்குப் பட்ட ஒரு தொகையைப் போட்டுவிட்டுப் போவார். அளவோடு எழுதிய எஸ்டிமேட்டில் அவர் கைவைக்க ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

ஒரு சரிவு 30 அடி நீளம், மோட்டிலிருந்து இறவாணம் வரை 12 அடி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 360 சதுர அடி, ஏறக்குறைய 33.5 சதுர மீட்டர். சீமை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும், ஆக 500. ஏற்றி இறக்குவதில் உடைவதற்கு 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் 525 முதல் 550. ரீப்பர் இடைவெளி ஓட்டின் அளவைப் பொறுத்து ஏறக்குறைய 32 சென்டிமீட்டர். 12 அடிக்கு 12 வரிசையும் இறவாணத்தில் ஒன்றும் சேர்த்து 13. அதை 30 அடியால் பெருக்கினால் 390 அடி ரீப்பர். மோட்டு ஓடு தனி வரி, அதைப் பதிக்கும் சிமெண்ட், மணல் தனி வரி. ஆணி, சாரம், ஆசாரி கூலி, சித்தாள் கூலி, வண்டி வாடகை, இடிபாட்டை அள்ளும் செலவு ஒவ்வொன்றும் தனி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அகலம் 1.05 மீட்டர், ஆனால் பக்கத்து ஷீட்டின் மேல் ஏறும் மடிப்பைக் கழித்துத்தான் எண்ணிக்கை போட வேண்டும். நீளவாக்கில் ஒன்றின் மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் கவனமாக வாதாட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அம்பைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடக்கும் சீமை ஓட்டின் அளவும் பள்ளமும் இன்று கடையில் கிடைக்கும் ஓட்டோடு பொருந்தாது. உடைந்தது 150 ஓடு என்றால், 150 புது ஓட்டுக்கு மட்டும் கம்பெனி பணம் தரப் பார்க்கும். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் இடுக்கு விட்டால் அந்த வழியாகவே மழை இறங்கும். ஒரு பழைய ஓட்டையும் ஒரு புது ஓட்டையும் ரீப்பரில் மாட்டி, நடுவில் விழும் இடைவெளியை டேப்போடு படம் எடுங்கள். முழுச் சரிவையும் மாற்றுவதே சரியான பழுது என்று பொறியாளரிடமோ அனுபவமுள்ள ஒப்பந்தக்காரரிடமோ எழுதி வாங்கி இணையுங்கள். கூடவே, அந்தச் சரிவில் உடையாமல் எஞ்சும் பழைய ஓடுகளை மறுசரிவின் பழுதுக்குப் பயன்படுத்துவதாகவோ, அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ளலாம் என்றோ நீங்களே எழுதுங்கள். நியாயமான கேட்பு என்பது அப்போது படிப்பவருக்குத் தெரியும்.

ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவதோ, புதிதாக ஃபால்ஸ் சீலிங் அடிப்பதோ உங்கள் விருப்பம். பாலிசி, கூரை முன்பு இருந்த நிலைக்கு வருவதற்கான செலவை மட்டும்தான் தரும். ஓட்டுக் கூரைக்கான எஸ்டிமேட்டைத் தனியாகப் போட்டு, அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு, மேற்கொண்டு ஆவதை நீங்கள் போடலாம். கம்பெனிக்கு இதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

எவ்வளவு வரும்

கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்கள். எஸ்டிமேட் 1,10,000 ரூபாய். அதில் செல்லரித்த பனங்கை மாற்ற 18,000, புது சீலிங் 12,000, இரண்டும் கழியும். எஞ்சிய நல்ல ஓட்டின் மதிப்பு 4,000 கழியும். மிச்சம் 76,000. பாலிசி ஷெட்யூலில் 'எக்ஸஸ்' (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) என்று ஏதாவது தொகை போட்டிருந்தால் அதுவும் கழியும். இதற்கு மேல் இடிபாடு அகற்றும் செலவுக்கு க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாரத் கிருஹ ரக்ஷாவில் கேட்கலாம். வீடு குடியிருக்கவே முடியாத நிலையில் வேறு வீட்டுக்குப் போனால் அந்த வாடகையும் கேட்கலாம். இந்த மூன்றையும் கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் கொடுப்பதில்லை.

காப்புத் தொகை என்பது கட்டுமானச் செலவு, நில மதிப்பு அதில் இல்லை. 900 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் 18 லட்சம். பாரத் கிருஹ ரக்ஷாவில் தொகையைக் குறைத்து எடுத்திருந்தாலும் அந்த விகிதத்தில் க்ளெய்மை வெட்டக்கூடாது. பழைய ஃபயர் பாலிசியில் வெட்டுவார்கள்: 20 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான்.

பாதிச் சேதத்துக்கு, நீங்கள் செலவழித்துப் பழுது பார்த்துவிட்டு அந்தச் செலவைக் கேட்டு வாங்கும் முறைதான் பாலிசியில் இருக்கிறது. அதனால் பில் முக்கியம். ஓடு, ஷீட், சிமெண்டுக்கு ஜிஎஸ்டி எண் உள்ள பில் வாங்குங்கள், கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். கூலிக்குப் பெயர், வேலை, நாள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். முடிந்தவரை கணக்கு வழியாகவே பணம் அனுப்புங்கள். கையில் முதலே இல்லையென்றால், சர்வேயரின் இடைக்கால அறிக்கையின் பேரில் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்டு எழுதலாம்.

க்ளெய்ம் படிவத்தைச் சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கூடவே பாலிசி நகல், வீட்டு வரி ரசீது, பட்டா அல்லது பத்திர நகல், படங்கள், எஸ்டிமேட், பில்கள், வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை. இங்கே பலருக்கும் இடிப்பது பட்டா. வீடு தாத்தா பேரில் இருக்கும், பாலிசி பேரன் பேரில் இருக்கும். அந்த வீட்டில் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்டாமல் பணம் வராது. வாரிசுச் சான்றிதழும், உங்கள் பேரில் உள்ள வரி ரசீதும், மின் இணைப்பு அட்டையும் உதவும். சேதம் நடந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு அலைவதைவிட இப்போதே பட்டா மாற்றிக்கொள்வது மேல். சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், ஆளில்லாத வீட்டைப் பற்றிப் பாலிசியில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முன்னறையில் கடை வைத்திருப்பவர்களும் அதைச் சொல்லியே பாலிசி எடுக்க வேண்டும்.

இழுத்தடித்தால், குறைத்தால், மறுத்தால்

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் போட்ட விதிப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளுக்குள் அவர் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். பெரும்புயலுக்குப் பிறகு சர்வேயர்கள் போதாமல் தாமதமாகும். அப்போதும் ஒவ்வொரு கெடு தாண்டும்போதும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பின்னால் வட்டி கேட்பதற்கு அது ஆதாரம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வரியில் எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியாமல் பதில் எழுத முடியாது.

குறைந்த தொகைக்கு 'முழுத் தீர்வு' என்று எழுதிய வவுச்சரை நீட்டினால், பணத் தேவைக்காகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும், "மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். ஏன் ஆட்சேபம் என்பதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

முதல் முறையீடு கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு. கூடவே ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் ஒப்பாவிட்டாலும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாடு முழுவதற்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பழமை என்று சொல்லி மறுத்த க்ளெய்முக்கு அங்கே எடுபடுவது முதல் நாள் படங்களும், அடுக்கி வைத்த உடைந்த ஓடுகளின் படமும், வரிவரியாகப் போட்ட எஸ்டிமேட்டும்தான். அதுவும் சரிவராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு வருடக் கெடு.

பழுது முடிந்ததும் அதே கோணங்களில் மறுபடி படம் எடுத்து, கடைசி பில்லோடு கம்பெனிக்கு அனுப்புங்கள். அந்தப் படங்களை அழிக்க வேண்டாம். இனி ஒவ்வொரு சித்திரையிலும் காற்றுக் காலத்துக்கு முன் கூரையை உள்ளும் புறமும் ஒருமுறை படம் எடுத்து அதே ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய ஸ்குரூ, மோட்டுப் பூச்சு, செல் மருந்து எல்லாவற்றின் பில்லும் அதிலேயே இருக்கட்டும். அடுத்த க்ளெய்மில் சர்வேயர் முதலில் கேட்பது, காற்றுக்கு முன் கூரை எப்படி இருந்தது என்பதைத்தான்.